கண்டதையும் கேட்கிற பெட்டி

நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது அம்மா. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன், பின்னால் சொல்ல வேண்டியதை விட்டே விடுவேன். என் மகள் எப்போதும் அதைத்தான் குறை சொல்லுவாள். "நீ ஒரு விசயத்தச் சொன்னா, கேக்குறவங்க உன் மேலதான் தப்புன்னு நெனச்சுருவாங்கம்மா" என்பாள். அதனால் நீங்கள் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பஸ் மதுரை போகிற வரைக்கும் நேரம் இருக்கிறதே.

நீங்கள் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர்களாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். என் மடியில் இருக்கிற இந்த அட்டைப் பெட்டிக்குள் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அந்தப் பேர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. நல்ல மைக்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருக முடியாதாம். நடுவில் இந்தப் பெட்டி உட்கார வேண்டுமாம். மைக் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி இது மாற்றிச் சொல்லுமாம். கல்யாணத் தரகர் மாதிரி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தரகர் சரியில்லை என்றால் ரெண்டு வீடும் கெட்டுப்போகும் இல்லையா. அதற்காகத்தான் இத்தனை பாடு. இது எனக்கு மூன்றாவது பெட்டி. இதையும் மாற்றத்தான் போகிறேன்.

என் பேர் சண்முகக்கனி. ஊர் ராஜபாளையம். நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டிருப்பீர்கள். காலையில் தெருவில் காய்கறி வண்டி வரும்போது, "வெங்காயோம்… நாட்டு வெங்காயோம்… பிஞ்சுக் கத்திரிக்கா, பீர்க்கங்கா" என்று ஒரு பொம்பளைக் குரல் பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு வருமே, அது நான்தான்.

நம்ப மாட்டீர்கள், தெரியும். எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பஸ் இரைச்சலுக்கு மேலே பேசுகிறேன் இல்லையா, அதனால் கம்முகிறது. வேறொன்றும் இல்லை.

ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள் நான். மைக்கைப் பிடிப்பேன் என்று கனவா கண்டேன். வீட்டுக்காரர் தவசி லோடு ஆட்டோவில் காய் விற்கிறார். ஒரு தடவை காய்ச்சலில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வண்டியில் காய் கிடக்கிறது, கூவ ஆள் இல்லை. நான் வண்டி மைக்கை வாங்கிக் கூவினேன். அன்றைக்குப் பதினொரு மணிக்கெல்லாம் வண்டி காலி. "ஏய் கனி, உன்னய இத்தன வருசம் அடுப்படியில வச்சு வீணாக்கிட்டனே" என்றார். அப்புறம் அதைப் பதிவு பண்ணி வண்டியில் போட்டார். பழ வண்டிக்காரர் கேட்டார், பாய் விற்கிறவர் கேட்டார், கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் கேட்டார். இப்போது எங்கள் ஊரில் பாதி வண்டிகள் என் தொண்டையில்தான் ஓடுகின்றன. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அதில்தான். வீட்டுக்காரர் வண்டி டீசலுக்கும் டியூவுக்குமே சரியாகப் போய்விடும்.

தினமும் விலை மாறும். அதனால் விடிந்தால் வாசலில் வண்டிக்காரர்கள் நிற்பார்கள். "யக்கா, தக்காளி எறங்கிருச்சு, மாத்திப் பேசிக் குடுங்க" என்பார்கள். நானும் பல்லை விளக்கின கையோடு பேசிக் கொடுப்பேன். செல்போனில்தான். அதற்கு அப்போது பெட்டியும் வேண்டியிருக்கவில்லை, கிட்டியும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் இது வந்தது. இதோ, இங்கே. தொட்டால் தெரியும். நீங்கள் தொட வேண்டாம், சும்மா சொன்னேன். ஒரு நெல்லிக்காய் அளவுதான். எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்குகிறது. மகள் இலக்கியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு கட்டியாம். சந்தேகமான கட்டியாம். சீக்கிரம் எடுத்துவிட வேண்டுமாம்.

டாக்டரம்மா நல்ல மாதிரிதான். "பயப்படாதீங்க. குரல் நரம்பு பக்கத்துலயே இருக்கு, பாத்துத்தான் எடுப்போம். சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும். அநேகமாத் திரும்பி வந்துரும்" என்றார்கள்.

அநேகமாக.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மா இன்னும் நிறையச் சொன்னார்கள் என்று மகள் சொல்கிறாள். தள்ளிப் போட்டால் அந்தக் கட்டியே நரம்பைப் பிடித்துவிடும் என்று சொன்னார்களாம். எனக்கு அது காதில் விழவில்லை.

நான் பயந்தவள் இல்லை அம்மா. பிரசவம் பார்த்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, எதற்கும் நான் ஒளிந்ததில்லை. முன்ஜாக்கிரதைக்காரி, அவ்வளவுதான். அதனால் ஒரு யோசனை செய்தேன். என் சொந்த யோசனை. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாவற்றையும் பேசி வைத்துவிடுவது. காய்களின் பேர் எல்லாம் தனித்தனியாக. விலை எல்லாம் தனியாக, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் இல்லையா. தக்காளியையும் இருபதையும் எடுத்துச் சேர்த்தால் தக்காளி இருபது. நாளைக்கு விலை ஏறினால் இருபதை எடுத்துவிட்டு முப்பதை ஒட்டிக்கொள்ள வேண்டியது. பின்னால் கொஞ்சம் மேளச் சத்தம், அதையும் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம். நான் ஊமையாகவே கிடந்தாலும் ஊர் முழுக்கக் கூவிக்கொண்டிருப்பேன்.

இலக்கியாவிடம் சொன்னேன். "சரிம்மா, அதுக்கு போன் சரிப்படாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி கேக்கும், ஒட்டாது. நல்ல மைக்கும் ஒரு இன்டர்ஃபேஸும் வேணும்" என்றாள். காலேஜில் அவள் வைத்திருந்த பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தாள். சிவப்பு வட்டத்தை அமுக்கினால் பேசலாம், கட்டத்தை அமுக்கினால் நிற்கும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியாதா எனக்கு.

மதுரையில் ஒரு மியூசிக் கடை. அங்கே ஜெபராஜ் என்று ஒருவர் இருக்கிறார். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், பொறுமைசாலி.

"எத்தன இன்புட் வேணும்க்கா?" என்று கேட்டார்.

"அப்படின்னா?"

"எத்தன பேரு ஒரே நேரத்துல பாடுவீங்க, வாசிப்பீங்க?"

"எனக்கு ஒரு வாய்தான தம்பி இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "கிட்டார் வாசிப்பீங்களா?" என்றார்.

"கத்திரிக்கா விப்போம்" என்றேன்.

அப்படி முதல் பெட்டி வந்தது. உள்ளங்கை அளவு, கறுப்பு, லேசானது. ஆரம்பத்துக்கு இது போதும் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, "கத்திரிக்கா" என்றேன். நான் சொல்லி முடித்து வாயை மூடின பிறகு, காதுக்குள் இன்னொருத்தி "கத்திரிக்கா" என்றாள். என் குரல்தான். ஆனால் பிந்தி வருகிறது. "வெண்டைக்கா" என்றேன். வாயை மூடினேன். அவள் "வெண்டைக்கா" என்றாள். உடம்பெல்லாம் கூசிவிட்டது அம்மா. என் வாய் மூடிக் கிடக்கிறது, என் குரல் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே காட்டுகிற மாதிரி இருந்தது. அந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ஆபரேஷனுக்கு முதல் தேதி. பெட்டியே சரியில்லாதபோது எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள். தள்ளி வைக்கச் சொன்னேன்.

ஜெபராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா, கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டுத் திரும்பி வர்ற நேரம் அது. பதிவுல ஒண்ணும் வராது, கேக்குறப்ப மட்டுந்தான் அப்படி. ஹெட்போனக் கழட்டிட்டுப் பேசுங்க" என்றார். நான் முடியாது என்றேன். அவர் ரெண்டாவது பெட்டியைக் கொடுத்தார். அதில் ஒரு பட்டன் இருந்தது, அதை அமுக்கினால் பேசினது உடனே காதில் விழும். கூடவே வேறொரு மைக்கும் கொடுத்தார். மூச்சு விட்டால்கூடப் பிடிக்கிற மைக்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் இன்னொரு பட்டன். பக்கத்தில் 48 என்று போட்டிருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். அந்த மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் கரண்ட் கொடுக்க வேண்டுமாம், அதற்கான பட்டனாம். தொண்டையில் கட்டி இருக்கிறவள் வாய்க்கு நேராக நாற்பத்தெட்டு வோல்ட்டா?

"அது மைக்குக்குள்ள போறதுக்கா. உங்களுக்குள்ள வராது" என்றார்.

"வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

நான் எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டு முழம் தள்ளி நின்றே பேசினேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "ஏன்டி, பேசுனது பக்கத்துத் தெருவுல இருந்தா?" என்றார். அப்புறம் மெதுமெதுவாகப் பக்கத்தில் வந்தேன்.

வேலை ஓடியது. பேர்களையெல்லாம் பேசினேன். ஒட்டிப் பார்த்தால் முதலில் சரியாக வரவில்லை. தக்காளி தனியாக முடிந்துவிடும், இருபது தனியாக ஆரம்பிக்கும், ரெண்டும் சண்டைபோட்ட ஓரகத்திகள் மாதிரி ஒட்டாமல் நிற்கும். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. எந்த வார்த்தையையும் முடிக்கக் கூடாது. பின்னால் ஏதோ வரப் போகிறது என்கிற மாதிரி தொங்கவிட வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது. எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது. எல்லாம் சொல்லி முடித்தபின் சொல்லுவேனே, "வாங்கம்மா வாங்க, வண்டி கெளம்பப் போகுது" என்று, அது. அது ஒன்றைத்தான் முடித்துச் சொல்ல வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஊம்ம்ம் என்று. குரலுக்கு அடியில். நான் பேசும்போதும் இருக்கிறது, பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும்போதும் இருக்கிறது. தேனீக் கூட்டுக்குள் காதை வைத்த மாதிரி. கட்டிதான் இப்படிச் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். மூச்சுப் பட்டாலே பிடிக்கிற மைக் என்றால் கட்டி ஊறுவதையும் பிடிக்காதா? ரெண்டாவது தேதி அதற்குள் வந்தது. நான் மாட்டேன் என்றேன். சத்தம் போகாமல் பேச்சு பாழ். பேச்சு பாழானால் ஆபரேஷனுக்கு எதை நம்பிப் போவது?

இலக்கியா போனில் அழுதாள். அவள் சாமானியத்தில் அழ மாட்டாள். வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துக்கொண்டே, "நீ மாத்துறது பெட்டியவா, தேதியவா?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு எப்போதும் குத்தல்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அப்புறம் இந்த மூன்றாவது பெட்டி. ஸ்டுடியோக்காரர்கள் வாங்குகிறது. இரும்பு உடம்பு, தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்கும். சரி, வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன். "இது ஒண்ணயும் விடாதுக்கா, எல்லாத்தயும் அப்படியே குடுக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கொடுக்கும்போது, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பெட்டி மேல குத்தம் இருக்குன்னு எனக்குத் தோணல. வீட்டுல எர்த்து சரியா இருக்கா? ஒரு தடவ சார்ஜரக் கழட்டிட்டு வெறும் பேட்டரியில பேசிப் பாருங்க" என்றார்.

எர்த்தாம். எங்கள் வீட்டுச் சுவர் போர்டில் ரெண்டு ஓட்டைதான். சார்ஜர் பிளக்கில் மூன்று கம்பி. நடுவில் ஒன்று தடியாக நீட்டிக்கொண்டு நுழையவே மாட்டேன் என்றது. வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரை எடுத்து அதை நறுக்கிவிட்டார். மிக்ஸிக்கும் அப்படித்தான், இஸ்திரிப் பெட்டிக்கும் அப்படித்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாருக்கு என்ன ஆகிவிட்டது? இதையெல்லாம் ஜெபராஜிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பழைய பேட்டரி, அரை மணி நேரம் நிற்காது, அதை நம்பி வேலை செய்ய முடியாது என்று மட்டும் சொன்னேன். இந்தப் பெட்டியிலும் ஊம் போகவில்லை, ஆனாலும் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவில்லை. இத்தனை பெரிய விசயம் ஒரு வயரில் இருக்குமா?

இருங்கள், இருங்கள். கல்லுப்பட்டி வந்துவிட்டது. வெளியே கேட்கிறதா? அந்தக் கொய்யாப்பழ வண்டி. "வெள்ளக் கொய்யா, செவப்புக் கொய்யா, கடிச்சாக் கல்கண்டு." அது நான்தான். போன வருசம் பேசினது. இங்கே வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள். எப்படி நிற்கிறது குரல், கம்பி மாதிரி.

ஏன் அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்? அதுவும் நான்தான், இதுவும் நான்தான்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைத்தான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். நேற்று எங்கள் ஊரில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மாசத்துக்கு ஒரு நாள் வேலை பார்க்கிறோம் என்று நிறுத்துவார்களே, அது. மத்தியானம் தெருவே அடங்கிக் கிடந்தது. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, ஃபேன் இல்லை. பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. லேப்டாப்பில் கொஞ்சம் உயிர் இருந்தது. பெட்டியை மாட்டி, ஹெட்போனைப் போட்டு, சிவப்பு வட்டத்தை அமுக்கி, பாக்கி இருந்த அந்த ஒன்றைப் பேசினேன். "வாங்கம்மா வாங்க, வண்டி கெளம்பப் போகுது."

போட்டுக் கேட்டேன். ஊம் என்ற சத்தம் இல்லை.

இல்லவே இல்லை அம்மா. கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. தொண்டையில் இல்லை, பெட்டியில் இல்லை, கரண்டில்தான் இருந்திருக்கிறது. ஜெபராஜ் சொன்னதுதான் சரி. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். இத்தனை நாள் பயந்தது வீண். வேலை முடிந்தது. இனி எந்தப் பாக்கியும் இல்லை.

அந்தச் சந்தோசத்தில் இன்னொரு தடவை கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஊம் சத்தம் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. "கெளம்ப" என்று ஏறுகிற இடத்தில் குரல் ரெண்டாகப் பிளக்கிறது. சேலை ஆணியில் மாட்டி லேசாகக் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அடியில் காற்று ஒழுகுகிறது. மறுபடி கேட்டேன். "வாங்கம்மா"விலும் இருக்கிறது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. இத்தனை நாள் அந்த ஊம் சத்தம் அதன் மேல் படுத்துக்கொண்டு அதை மூடியிருக்கிறது.

வீட்டுக்காரர் அப்போது உள்ளே வந்தார். ஹெட்போனை அவரிடம் நீட்டினேன். மாட்டிக்கொண்டு கேட்டார். அந்த மனுசன் ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேலி செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தார். துண்டை எடுத்துக்கொண்டு போய், துடைத்த வண்டியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அங்கிருந்தே, என் முகத்தைப் பார்க்காமல், "கனி, நாளைக்குப் போயிருவோம்ல?" என்றார். போவோம் என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

ஆமாம் அம்மா, இன்றைக்குத்தான் தேதி. மூன்றாவது தேதி. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இலக்கியா கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். என் காலுக்கடியில் இருக்கிற பை அதற்குத்தான். நைட்டி ரெண்டு, போர்வை, ஸ்கேன் எடுத்த கவர். வீட்டுக்காரர்தான் பஸ் ஏற்றிவிட்டார். வண்டியில் காய் ஏற்றியாயிற்று, விற்றுவிட்டுச் சாயங்காலம் பிளாஸ்கோடு வருகிறேன் என்றார். மடியில் பெட்டி எதற்கு என்று கேட்டார். போகிற வழியில் ஜெபராஜிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவருக்கு மதுரையில் எது வழி, எது வழியில்லை என்று தெரியாது.

நேற்று மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கரண்ட் வந்தது. வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் முதல் வேலையாகச் சார்ஜரை எடுத்து அந்த ரெண்டு ஓட்டையில் சொருகினேன். ஹெட்போனைப் போட்டுப் பார்த்தேன். ஊம்ம்ம் என்று வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மத்தியானம் பேசினதை அழித்தேன். எப்படி அழிப்பது என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே திரும்பவும் பேசினேன். "வாங்கம்மா வாங்க, வண்டி கெளம்பப் போகுது." போட்டுக் கேட்டேன். கீறல் தெரியவில்லை. ஊம் மட்டும்தான். பழையபடி நல்ல குரல், கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான்.

இலக்கியா போன் செய்து, "எல்லாம் பேசி முடிச்சாச்சாம்மா? அப்பா சொன்னாரு" என்றாள்.

"எங்க முடிஞ்சுச்சு. இன்னும் ஊம்ங்குது. உங்க அப்பாவுக்கு ஒரு காது கேக்காது" என்றேன்.

அவள், "அது எப்படியும் போகட்டும்மா. நீ வந்துரு" என்றாள். "வந்துருவேல்ல?" என்று ரெண்டு மூன்று தடவை கேட்டாள். நான் காலையில் பஸ்ஸுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள். குற்றம் பெட்டியில்தானே? எல்லாவற்றையும் அப்படியே கொடுக்கிற பெட்டி எனக்கு எதற்கு? காய் விற்கிறவளுக்கு எதற்கு ஸ்டுடியோ பெட்டி? கண்டதையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. நான் ஜெபராஜிடம் நேராகவே கேட்கப் போகிறேன். தம்பி, முதலில் கொடுத்தீர்களே, உள்ளங்கை அளவு, லேசான பெட்டி, அதையே கொடுங்கள். அதற்கு அவ்வளவாகக் காது கிடையாது. குரல் பிந்தி வந்தால் வந்துவிட்டுப் போகிறது. பழகிக்கொள்வேன். வாயை மூடின பிறகு வருகிறதே என்று அப்போது பயந்தேன், இப்போது நினைத்தால் அதில் என்ன தப்பு? வருகிறதே, அதுதானே வேண்டும். அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் பேச வேண்டும். வெங்காயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாசம் ஆகும், ரெண்டு மாசம்கூட ஆகலாம். அது முடிந்ததும் நானே தேதி வாங்கிக்கொள்வேன். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

போனா? என் போன் இதோ இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பஸ் கிளம்பினதும் அணைத்து, உள்ளே அந்தப் பஞ்சு மாதிரி இருக்கிறதே, அதற்கு நடுவில் வைத்து டேப் ஒட்டிவிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். இல்லை அம்மா, உங்கள் போனும் வேண்டாம். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. கிடைத்தாலும் என்ன சொல்வது?

திருமங்கலம் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் கொஞ்ச நேரம்தான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வரும். கண்டக்டர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், நிறையப் பேர் இறங்குவார்கள். நான் கண்ணை மூடியிருப்பேன். என்னைத் தட்டிவிடாதீர்கள். நீங்கள் நல்ல பிள்ளையாக இருக்கிறீர்கள், இரக்கப்பட்டுத் தட்டிவிடுவீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. மாட்டுத்தாவணியில் எழுப்பினால் போதும்.

இனிமேல் நான் பேச மாட்டேன். ஊரிலிருந்து இது வரைக்கும் வாயை மூடவில்லை பாருங்கள், அதுதான் கம்முகிறது. பேசாமல் இருந்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் அதைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள் அம்மா.